சத்தத்திற்கும் முன்னறிவிப்பு வேண்டும்

பிங்க் ஃபிளாய்டு குழுவின் ‘டைம்’ பாடலைக் கேட்டிருக்கிறீர்களா? 1973ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ இசைத்தொகுப்பில் நான்காவதாக வரும் பாடல் அது. ஏறக்குறைய ஏழு நிமிடம் ஓடும். நம்மில் பலருடைய பெற்றோர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் கித்தார் பழகத் தொடங்கும் மாணவர்கள் பலர் இன்றும் அந்தப் பாடலிடம் வந்து சேர்கிறார்கள். எனக்கு அதை அறிமுகப்படுத்தியவர் என் மாமா. தோட்டத்து இசைக்குழுவில் கித்தார் வாசித்தவர்.

கடிகாரங்களின் ‘டிக் டிக்’ ஓசையோடு பாடல் மிக மெதுவாகத் தொடங்கும். சரியாகக் கேட்கவில்லையே என்று நாம் ஒலியைக் கூட்டி வைப்போம். அந்த நேரம் பார்த்து, ஒரு கடை நிறைய இருக்கும் கடிகாரங்கள் அத்தனையும் ஒன்றாக அலறும். இது தற்செயலாக அமைந்ததன்று. ஒலிப்பதிவுப் பொறியாளர் அலன் பார்சன்ஸ், பழங்காலக் கடிகாரங்கள் விற்கும் ஒரு கடைக்குப் போய் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியே பதிவு செய்தார். நான்கு பக்கமிருந்தும் ஒலி வரும் குவாட்ரஃபோனிக் முறையைச் செய்து காட்டுவதற்காக எடுத்த பதிவு அது. பிறகு எல்லா மணிகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்படி பொருத்தி இந்தப் பாடலில் சேர்த்தார்கள்.

இசை ரசிகர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். நானும் அவர்களில் ஒருத்திதான். காலம் நம்மை அறியாமல் ஓடிவிடுகிறது என்று சொல்ல வந்த பாடலுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது. ஆனால், ஒலியை மற்றவர்களைவிடக் கூர்மையாக உணரும் ஒருவருக்கு அந்த நொடி ரசனைக்குரியதாக இருப்பதில்லை. உடம்பில் விழும் அடியாகவே இருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சத்தம் பெரிதாக இருப்பது மட்டும் இவர்களுக்குத் தொல்லை இல்லை. சொல்லாமல் வருவதும், வந்தபின் ஒதுங்க இடமில்லாமல் போவதும்தான் பெருந்தொல்லை. இந்த இரண்டையும் சரிசெய்ய நாம் யாருடைய பாட்டையும் நிறுத்த வேண்டியதில்லை.

காதுக்குள் நடப்பது

நம் நடுச்செவியில் அங்கவடி என்றோர் எலும்பு உண்டு. உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அது. மூன்று மில்லிமீட்டர் அளவுதான். அதனோடு ஒட்டியுள்ள தசையும் மிகச் சிறியது. பலத்த ஒலி வந்தால் அந்தத் தசை இறுகி, உள்ளே போகும் அதிர்வைக் குறைக்கும். இயற்கை நமக்கு வைத்திருக்கும் காவலாளி என்று சொல்லலாம். ஆனால், இந்தக் காவலாளி எழுந்து நிற்க விநாடியில் ஒரு சிறு பகுதி நேரம் பிடிக்கும். படிப்படியாக உயரும் ஒலி அந்த அவகாசத்தைக் கொடுக்கும். வெடிபோல் வரும் ஒலியோ, கதவைச் சாத்துவதற்குள் உள்ளே புகுந்துவிடும்.

அதே வேளையில் மூளைத்தண்டும் தன் வேலையைச் செய்கிறது. கண் இமைக்கும், தோள் குறுகும், நெஞ்சு படபடக்கும். இந்தத் திடுக்கிடல் எல்லாருக்கும் உண்டு. பெரும்பாலோர் அடுத்த நொடியே சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். சிலருக்கு அது எளிதில் அடங்குவதில்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், ஹைப்பராகுசிஸ் எனப்படும் மிகை ஒலியுணர்வு உள்ளவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் இதில் அடங்குவர்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதை ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதற்கு முன்பும் அந்தப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ‘பிடிவாதம்’, ‘செல்லம் அதிகம்’ என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது.

சத்தம் வரும் விதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு பாடலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பீட்டில்ஸ் குழுவின் ‘எ டே இன் தி லைஃப்’ 1967இல் வந்தது. அதில் 40 பேர் கொண்ட வாத்தியக்குழு ஒரு கட்டத்தில் சேர்கிறது. ஒவ்வொருவரும் தம் கருவியின் தாழ்ந்த சுரத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல உச்சத்திற்கு ஏறுகிறார்கள். முடிவில் எழும் சத்தம் ‘டைம்’ பாடலின் மணிகளுக்குக் குறைந்ததன்று. ஆனால், அது தூரத்திலிருந்து வருவதை நம்மால் உணர முடிகிறது. வேண்டுமானால் ஒலியைக் குறைக்கலாம், ஹெட்போனைக் கழற்றலாம், பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கவும் செய்யலாம். கடிகார மணி அந்த வாய்ப்பைக் கொடுப்பதில்லை.

நிறுத்தும் விரல் யாருடையது?

என் தம்பிக்கு 13 வயது. ஆட்டிசம் உள்ளவன். செமோரில் எங்கள் வீட்டில் மாமாவின் பாடல்களை அதிகம் கேட்பவன் அவன்தான். ‘டைம்’ அவனுக்கு மிகவும் பிடித்த பாடல் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

மாமா அதை முதல்முறை ஒலிக்கவிட்ட அன்று அவன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். மதியம் சாப்பிடவும் வரவில்லை. பிறகு அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்தான். ஹெட்போன் வேண்டாம், கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி போதும். திரையில் ஓடும் விநாடிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பான். மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் பாட்டை நிறுத்துவான். ஒரு காதைக் கையால் பொத்தி, மறு காதைத் தோளில் அழுத்திக்கொண்டு, மீதமுள்ள கையின் விரலால் மறுபடி தொடக்கிவிடுவான். மணிகள் ஓய்ந்ததும் கையை எடுத்துவிட்டு, அடுத்து மெல்ல வளரும் மேள ஓசையை அசையாமல் கேட்பான். அதன் ஒவ்வோர் அடியும் அவனுக்கு மனப்பாடம். மேசையில் தட்டிக் காட்டுவான். ஓர் அடி பிசகாது.

அதே பாடல், அதே மணி, அதே காது. மாறியவை இரண்டுதான். எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும். நிறுத்தும் விரலும் அவனுடையது.

காதைப் பொத்துகிறவர்களுக்கு இசை பிடிக்காது என்று நினைக்கிறோம். என் தம்பியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நாம் கவனிக்காமல் விட்டுவிடும் ஓசையைக்கூட அவன் கேட்கிறான். அதனால்தான் அவனுக்கு அவ்வளவு மகிழ்ச்சியும், அவ்வளவு வலியும்.

இந்தத் தம்பியைச் சொந்தக்காரர்களின் விசேஷங்களுக்கு அழைத்துப் போவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். கடைசியாகப் போனது ஈப்போவில் நடந்த ஒரு திருமண விருந்துக்கு. மணமக்கள் நுழையும் நேரம் திடீரென்று விளக்குகள் அணைந்தன. பெரிய ஒலிபெருக்கிகளில் பாட்டு வெடித்தது. தம்பி அலறினான். அம்மா அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு மணி நேரம் இருவரும் காருக்குள்ளேயே இருந்தார்கள். நான் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஒரு பெரியம்மா கேட்டார்: “இந்த மாதிரி பிள்ளைய எதுக்கும்மா கூட்டிட்டு வர்றீங்க? அவனுக்கும் கஷ்டம், எல்லாருக்கும் கஷ்டம்.”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால், அன்றிலிருந்து அம்மாவும் எந்த விசேஷத்திற்கும் வருவதில்லை. “நீங்க போயிட்டு வாங்க, நான் தம்பிகூட இருக்கேன்” என்கிறார். அன்றைய சத்தம் ஒரு பிள்ளையை மட்டும் மண்டபத்தை விட்டு வெளியே அனுப்பவில்லை. ஒரு தாயை அவர் உடன்பிறந்தவர்களிடமிருந்தே பிரித்துவிட்டது. இதுபோன்ற தாய்மார்கள் உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். விருந்துக்கு வராதவர்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை, அதனால் தெரிவதுமில்லை.

கெட்டிமேளம் சொல்லும் பாடம்

முன்னறிவிப்பு என்பது மேல்நாட்டிலிருந்து நாம் கடன் வாங்க வேண்டிய பழக்கம் இல்லை. அது நம் திருமணத்திலேயே இருக்கிறது. தாலி கட்டும் நேரம் நெருங்கியதும் ஐயர் கையை உயர்த்துகிறார். “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று பெரியவர்கள் குரல் கொடுக்கிறார்கள். அதன் பிறகுதான் நாதசுவரமும் தவிலும் முழங்குகின்றன. மங்கல நேரத்தில் தகாத சொல் எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காக அந்த முழக்கம் என்பார்கள். சத்தம் பெரிதுதான். ஆனால், மண்டபத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் அது வரப்போவது தெரியும். எப்போது முடியும் என்பதும் தெரியும். சிறு வயதில் தம்பி அந்த உயர்ந்த கையைப் பார்த்ததும் காதைப் பொத்திக்கொள்வான். முழக்கம் ஓய்ந்ததும் எடுத்துவிடுவான். கெட்டிமேளம் அவனை ஒருநாளும் அழவைத்ததில்லை.

செமோர்க்காரர்களுக்கு இன்னோர் உதாரணமும் பக்கத்திலேயே உண்டு. காந்தான் பக்கம் போனால் சுண்ணாம்பு மலைகளும் கல்லுடைப்பு இடங்களும் தெரியும். கல்லுடைப்பில் பாறைக்கு வெடி வைக்கும் முன் சங்கு ஊதி எச்சரிப்பது வழக்கம். மலையையே பிளக்கிற தொழிலில்கூட, ‘சத்தம் வருகிறது, ஒதுங்கிக்கொள்’ என்று சொல்லும் முறை இருக்கிறது. ஒரு விருந்து மண்டபத்தில் அது இல்லாமல் போனது ஏன்?

சத்தம் இல்லாமல் திருவிழாவா?

இந்தக் கேள்வியை என் நண்பர்கள் கட்டாயம் கேட்பார்கள். அவர்களில் சிலர் உறுமி மேளக் குழுவில் இருக்கிறார்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது உறுமியிலிருந்து எழும் அந்த ஆழ்ந்த முனகல் எனக்கும் சிலிர்ப்பைத் தரும். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடிகள் வரும்போது உறுமி இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. இது நம் இளைஞர்கள் காத்து வளர்த்த இசை. அதை அடக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. ‘டைம்’ பாடலிலிருந்து கடிகார மணியை வெட்டி எறிய வேண்டும் என்றும் சொல்லவில்லை. வெட்டினால் அது வேறு பாடலாகிவிடும்.

நான் கேட்பது, ஒதுங்க ஓர் இடம். தைப்பூசத்தில் தாகத்தோடு வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். யாரும் கேட்காமலேயே செய்கிறோம். அதைப் புண்ணியம் என்று நினைக்கிறோம். அதே வழியில் ஒரே ஒரு பந்தலை ஒலிபெருக்கி இல்லாமல், சாலையிலிருந்து சற்றுத் தள்ளிப் போட முடியாதா? சில நாற்காலிகள், மின்விசிறி, தண்ணீர் போதும். காதுக்குச் சற்று ஓய்வு வேண்டிய பிள்ளைகள் மட்டுமன்றி, வயதானவர்களும், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களும் அங்கே உட்காருவார்கள். உறுமிக்காரர்கள் தங்கள் வேலையைத் தாராளமாகச் செய்யலாம்.

உலகச் சுகாதார நிறுவனமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களுக்கான பாதுகாப்பான ஒலித் தரநிலையை அது 2022இல் வெளியிட்டது. சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, ஒலியளவை நேரடியாகக் கண்காணிக்க வேண்டும், வருகிறவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், அமைதியான ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்பவை அதிலுள்ள பரிந்துரைகள்.

என் அப்பா தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் வேலை செய்கிறார். காதடைப்பான் இல்லாமல் அவரை உள்ளே விடமாட்டார்கள். நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறைகளின்படி, எட்டு மணி நேர வேலை நாளுக்கு 85 டெசிபல்தான் வரம்பு. ஒலி மூன்று டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரண்டு மடங்காகிறது; கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. 88 என்றால் நான்கு மணி நேரம். 100 என்றால் 15 நிமிடம் மட்டுமே. இந்தக் கணக்கு தெரிந்த அப்பா, சம்பளம் வாங்கும் இடத்தில் காதைக் காத்துக்கொள்கிறார். மொய் எழுதும் இடத்தில் அவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஒரு காதின் உட்செவியில் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. அழிந்தால் மனிதர்களுக்கு அவை மீண்டும் வளர்வதில்லை. ஆகவே, இது ‘சில பேருடைய’ பிரச்சினை மட்டுமன்று. கூர்மையாக உணர்கிறவர்கள் இன்றைக்கே காதைப் பொத்துகிறார்கள். மற்றவர்களுக்குப் பாதிப்பு நாற்பது வயதுக்கு மேல் தெரியவரலாம்.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்

நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 2011ஆம் ஆண்டு அக்டோபரில் ‘தி லயன் கிங்’ இசை நாடகத்தை ஆட்டிசம் உள்ளவர்களுக்காகத் தனிக்காட்சியாக நடத்தினார்கள். கதையும் பாடல்களும் அவைதான். திடுக்கிட வைக்கும் ஒலிகளைச் சற்றுக் குறைத்தார்கள். மின்னி மின்னி எரியும் விளக்குகளை நிறுத்தினார்கள். அரங்கிற்கு வெளியே அமைதியான இடம் ஒதுக்கினார்கள். பிள்ளைகள் எழுந்து நடந்தாலும், சத்தம் போட்டாலும் யாரும் முறைக்கவில்லை. அதைத் தொடர்ந்து மற்ற நாடகங்களும் அதே வழியில் நடந்தன. நம் நாட்டிலும் கோலாலம்பூரிலுள்ள சன்வே புத்ரா பேரங்காடி ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இணக்கமான பேரங்காடியாகத் தன்னை மாற்றிக்கொண்டது. வணிக நிறுவனம் செய்ய முடிந்ததைக் கோயிலும் மண்டபமும் பல்கலைக்கழக மன்றமும் செய்ய முடியாதா?

குறிப்பாக, மாணவர்களாகிய நம்மிடமிருந்து இது தொடங்கலாம். பொங்கல் விழா, தீபாவளிக் கலை இரவு, மன்றத்தின் ஆண்டு விருந்து எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிறவர்கள் நாம்தாம். ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுக்கிறவர்களும் நாம்தாம். நான்கு காரியங்கள் போதும். ஒன்று, பெருஞ்சத்தமோ மின்னும் விளக்கோ வரும் நேரத்தை நிகழ்ச்சி நிரலில் போடுங்கள். அறிவிப்பாளர் ஒரு வாக்கியம் சொல்லட்டும். இரண்டு, அரங்கிற்குப் பக்கத்தில் ஓர் அறையைத் திறந்து வைத்து, அதன் வழியை வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள். மூன்று, நுழைவாயிலில் காதடைப்பான் வையுங்கள். பஞ்சால் ஆனவை விலை அதிகமில்லை. நான்காவதற்குச் செலவே கிடையாது. யாராவது காதைப் பொத்தினால் சிரிக்காதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். “வெளியே போய் உட்காரலாமா?” என்று கேளுங்கள்.

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பில் மணி அடிக்கும்போது துள்ளுகிற, சபைகூடலில் ஒலிவாங்கி கிறீச்சிடும்போது முகம் சுளிக்கிற நண்பர் ஒருவர் இருக்கலாம். அவர் பின்னால் போய்ப் பலூனை உடைப்பது உங்களுக்கு வேடிக்கை. அவருக்கு அன்றைய பாடம் முழுவதும் போய்விடுகிறது. அந்த நண்பர் நீங்களாகவே இருந்தால், வெட்கப்பட எதுவுமில்லை. பிடித்த பாடலைக் குறைந்த ஒலியில் முதலில் கேட்டுப் பாருங்கள். எங்கே வெடிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு எவ்வளவு கூட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வலி தாங்க முடியாவிட்டால் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லி, செவிநல மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு எங்கள் உறவில் இன்னொரு திருமணம் வருகிறது. மணப்பெண் எனக்கு அக்கா முறை. மணமக்கள் நுழைவதற்கு ஐந்து நிமிடம் முன்பு எனக்குக் கைப்பேசியில் தகவல் அனுப்புவதாகவும், மண்டபத்தின் பின்னறையைத் தம்பிக்காகக் கேட்டு வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார். இதற்காக அவர் பாட்டையோ விளக்கையோ மாற்றவில்லை. அம்மாவிடம் அதைச் சொன்னேன். என்ன சேலை கட்டலாம் என்று கேட்டார்.